கணக்கில் வராத தேனீ

தேனீக்கள் உலகத்தைவிட்டு மறைந்துபோனால் மனித குலத்துக்கு மிஞ்சுவது நான்கே ஆண்டுகள் என்று ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் சொன்னதாக ஒரு வாக்கியம், தேனீயைப் பற்றிப் பேச எழுகிற எவருடைய நாவிலும் முதலில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அவர் அப்படிச் சொன்னதற்கு அவருடைய நூல்களிலோ கடிதங்களிலோ ஆதாரம் எதுவும் கிடையாது. அவர் காலமாகி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து, 1994-ல், பிரெஸ்ஸல்ஸ் நகரத்தில் மலிவான இறக்குமதித் தேனை எதிர்த்துக் கூடிய தேனீ வளர்ப்போர் வினியோகித்த துண்டுப் பிரசுரம் ஒன்றில்தான் அது முதன்முதலாகத் தலைகாட்டியது என்பது ஆராய்ந்தவர்கள் கண்ட முடிவு.

இந்தப் பொய்ச் சாட்சியத்தின்மேல் எனக்குப் பெரிய கோபம் எதுவும் இல்லை; தேனீயின் விஷயத்தில் அபிப்பிராயம் சொல்ல ஒரு பௌதிக சாஸ்திரியைக் கூண்டில் ஏற்ற வேண்டிய அவசியம் ஏன் வந்தது என்பதைப் பற்றித்தான் யோசிக்கத் தோன்றுகிறது. ஒரு ஜீவராசி அழிகிறது என்று கேட்டால் அனுதாபத்தோடு தலையசைத்துவிட்டுத் தன் காரியத்தைப் பார்க்கப் போகிற மனிதன், அதன் அழிவில் தன் சாப்பாடு அடங்கியிருக்கிறது என்று தெரிந்ததும் திரும்பி நிற்கிறான் என்பது தேனீயின் பட்சத்தில் வாதாடுகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே அவர்கள் பஞ்சத்தைக் காட்டிப் பயமுறுத்துகிறார்கள். நல்ல காரியத்துக்காகவே பயமுறுத்துகிறார்கள் என்று வைத்துக்கொண்டாலும், அந்தப் பயம் பார்க்க வேண்டிய தேனீயை விட்டு வேறொரு தேனீயின்மேல் நம் பார்வையைத் திருப்பிவிட்டது என்பது என் கட்சி.

முதலில் பஞ்சத்தைப் பார்ப்போம். மனித குலத்தின் வயிற்றை நிரப்புகிற நெல்லும் கோதுமையும் பெரும்பாலும் தங்கள் மகரந்தத்தாலேயே கருக்கொள்பவை. மக்காச்சோளம் காற்றை நம்பியிருப்பது. மரவள்ளி குச்சியாலும் உருளை கிழங்காலும் பெருகுபவை. நாம் உண்ணும் வாழை காய்க்க மகரந்தமே வேண்டியதில்லை. அலெக்சாண்ட்ரா-மரியா க்ளைன் என்ற ஜெர்மானிய விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் உலகின் பிரதானமான 115 உணவுப் பயிர்களை ஆராய்ந்து 2007-ல் வெளியிட்ட முடிவு இன்றளவும் எல்லோராலும் எடுத்தாளப்படுவது. அவற்றில் 87 பயிர்கள் பூச்சி, பறவை முதலியவற்றின் மகரந்த சேவையை ஏதோ ஓர் அளவில் வேண்டுபவை. ஆனால் எடையைக் கொண்டு கணக்கிட்டாலோ, உலக விளைச்சலில் 60 சதவீதம் அந்தச் சேவையே வேண்டாத பயிர்களிலிருந்து வருகிறது, வேண்டுகிற பயிர்களின் பங்கு 35 சதவீதம். அந்த 35-லும், பூச்சி அடியோடு இல்லாமற்போனால் முற்றிலும் நசித்துப்போகும் பயிர்கள் சிலவே. மற்றவற்றில் விளைச்சல் கொஞ்சமோ அதிகமோ குறையும். ஆகவே நான்கு ஆண்டுகளில் யாரும் மடிந்துவிடப் போவதில்லை. சோறு இருக்கும்.

சோற்றைச் சுற்றி என்ன இருக்கும் என்பதுதான் கேள்வி. நம் வீட்டு இலையையே எடுத்துக்கொள்ளலாம். பூசணி, பீர்க்கு, பாகல் முதலிய கொடிகளில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு; ஒன்றன் துகளை மற்றொன்றுக்குச் சுமந்துசெல்லப் பூச்சி வராத தோட்டத்தில் பிஞ்சு வெம்பி உதிரும். முருங்கைப் பூவுக்குக் கட்டையைத் துளைத்துக் குடியிருக்கும் கரிய பெருவண்டு வர வேண்டும். ஏலத்தோட்டத்தில் தேனீ பறக்காவிட்டால் காய் பிடிப்பதில்லை. கொத்தமல்லிக்கும் கடுகுக்கும் எள்ளுக்கும் தேனீ வந்தால் ஒரு விளைச்சல், வராவிட்டால் ஒரு விளைச்சல். மனிதன் உண்ணும் ஆகாரத்தில் சி வைட்டமினின் மிகப் பெரும்பகுதியும் ஏ வைட்டமினின் பெரும்பகுதியும் இத்தகைய பயிர்களிலிருந்தே வருகின்றன. எனவே வரக்கூடியது வயிறு காய்கிற பஞ்சம் அன்று. வயிறு நிறைந்திருக்கையிலேயே உடல் வற்றுகிற ஒரு பஞ்சம், அதுவும் காய்கறியைக் கால் கிலோ, அரைக் கிலோ என்று விலை கேட்டு வாங்குகிற வீட்டில் முதலில் நுழைகிற பஞ்சம். வசதியுள்ளவர் வீட்டுத் தட்டில் ஆப்பிள் குறையாது. ஆகையால் அங்கே அது தெரியவும் தெரியாது.

2006-ஆம் ஆண்டில் நிகழ்ந்த இரண்டு சம்பவங்களை அருகருகே வைத்துப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. முதலாவது உலகம் அறிந்தது. அந்த ஆண்டு நவம்பர் மாதத்தில், டேவிட் ஹேக்கன்பெர்க் என்ற பென்சில்வேனியா மாநிலத்துத் தேனீ வளர்ப்பாளர், குளிர்காலத்துக்கென்று ஃபுளோரிடாவில் இறக்கி வைத்திருந்த ஏறத்தாழ 400 பெட்டிகளைத் திறந்து பார்த்தபோது, பெரும்பாலானவற்றில் வேலைக்காரத் தேனீக்களைக் காணவில்லை. ராணி இருந்தது, அடைகளில் தேன் இருந்தது, மூடிய அறைகளில் புழுக்கள் வளர்ந்துகொண்டிருந்தன, ஊட்டி வளர்க்க வேண்டிய ஆயிரக்கணக்கான தேனீக்கள் மட்டும் எங்கோ போய்விட்டிருந்தன. செத்திருந்தால் பெட்டியின் முன்னால் பிணமாவது கிடக்க வேண்டும், அதுவும் இல்லை. ஆளில்லாத கூட்டில் தேன் கிடந்தால் அக்கம்பக்கத்துத் தேனீக்கள் புகுந்து கொள்ளையடிப்பது இயற்கை. இந்தக் கூடுகளில் அவைகூட உடனே நுழையத் தயங்கின. அடுத்த சில மாதங்களில் இதே செய்தி பல மாநிலங்களிலிருந்தும் வர, சாஸ்திரிகள் கூட்டக் குலைவு என்ற பொருளில் அதற்கு ஒரு பெயரிட்டார்கள். அமெரிக்கக் காங்கிரஸின் குழுவொன்று விசாரித்தது. கைத்தொலைபேசியின் அலைகள்தான் காரணம் என்று பத்திரிகைகள் கொஞ்ச காலம் எழுதின. ஒட்டுண்ணி, வைரஸ், பூச்சிக்கொல்லி, ஊட்டக்குறைவு ஆகிய பல துன்பங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து விழுந்ததன் விளைவு என்பதற்கு மேல் ஒரே ஒரு குற்றவாளியை இன்றுவரை யாரும் பிடித்துக் கொடுக்கவில்லை.

மற்றச் சம்பவம் அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், அமெரிக்காவின் மேலைக்கரையில் ஆரகன் மாநிலத்தின் தென்கோடியிலுள்ள ஆஷ்லண்ட் மலையில் நிகழ்ந்தது. டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ராபின் தார்ப், மலைப்புல்வெளியில் ஒரே ஒரு தேனீயைக் கண்டார். ஃபிராங்க்ளின் பம்பிள்பீ என்று வழங்கும் அது, ரோமம் அடர்ந்து பருத்த பம்பிள்பீ வகைகளில் ஒன்று. தென் ஆரகனையும் வட கலிபோர்னியாவையும் சேர்த்த சிறியதொரு நிலப்பரப்பைத் தவிர உலகில் வேறெங்கும் வாழாதது. 1998-ல் தார்ப் முறையாகக் கணக்கெடுக்கத் தொடங்கியபோது 94 தென்பட்டன, 2003-ல் 3, அதற்குப் பின் இரண்டு ஆண்டுகள் ஒன்றுமில்லை, 2006-ல் இந்த ஒன்று. அதன் பிறகு அவரோ வேறு எவரோ அதைக் கண்டதாக உறுதியான பதிவு இல்லை. 2019-ல் தாம் காலமாகும்வரை அந்த மலைக்குத் தேடிக்கொண்டு போவதை அவர் விடவில்லை. 2021-ல் அமெரிக்க அரசாங்கம் அந்த இனத்தை அழியும் நிலையிலுள்ள உயிர்களின் பட்டியலில் சேர்த்தது; கடைசியாகக் கண்ணில் பட்டுப் பதினைந்து ஆண்டுகள் கழித்துக் கிடைத்த பாதுகாப்பு.

உலகம் முதற்செய்தியைக் கேட்டது, இரண்டாவதைக் கேட்கவில்லை. ஏனென்றால் முதலாவது சொந்தக்காரன் உள்ள தேனீ. அதற்கு வாடகை உண்டு, காப்புறுதி உண்டு, காணாமற்போனால் தேடுவதற்கு வக்கீல் உண்டு. நாம் தேனீ என்று சொல்லும்போதெல்லாம் நினைத்துக்கொள்வது ஏறத்தாழ 20,000 தேனீ இனங்களில் ஒரே ஒன்றான இந்த ஐரோப்பியத் தேனீயைத்தான். நம் ஊர்ப்பக்கத்தில் இத்தாலியத் தேனீ என்று சொல்வதும் இதைத்தான். அதன் இன்றைய ஜீவனம் எப்படிப்பட்டது என்பதைக் கலிபோர்னியாவின் பாதாம் தோப்புகளில் பார்க்கலாம்.

உலகத்துப் பாதாம் பருப்பில் ஏறக்குறைய 80 சதவீதம் அந்த ஒரு மாநிலத்தின் நடுப்பள்ளத்தாக்கில் விளைகிறது. பத்து லட்சம் ஏக்கருக்கும் மேலான நிலத்தில், கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரே ஜாதி மரம், பிப்ரவரி மாதத்தில் சில வாரங்கள் மட்டும் ஒரே சமயத்தில் பூத்து நிற்கிறது. அவற்றில் பிரதானமான நான்பரேல் வகை தன் மகரந்தத்தைத் தானே ஏற்காதது, பக்கத்து வரிசையிலுள்ள வேறு வகையின் துகள் வந்தாக வேண்டியது. பூ உதிர்ந்த பிறகு அந்தப் பிரதேசத்தில் ஒரு தேனீ உயிர் வாழப் போதுமான மலர் இல்லாதபடி நிலத்தை அவ்வளவு சுத்தமாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆகையால் அங்கே சொந்தத் தேனீ இல்லை, தேவையானபோது வெளியிலிருந்து தருவிக்க வேண்டும். ஏக்கருக்கு இரண்டு பெட்டி என்பது வழக்கமான கணக்கு. ஒவ்வோர் ஆண்டும் 20 லட்சம் பெட்டிகளுக்குக் குறையாமல், அதாவது அந்தத் தேசத்தின் வாடகைப் பெட்டிகளில் மிகப் பெரும்பங்கு, லாரிக்கு 400-க்கு மேலாக வலைபோட்டுக் கட்டப்பட்டுக் கண்டத்தின் மறுகோடியிலிருந்துகூட வந்து இறங்குகிறது. குளிர்காலத்தின் ஓய்வில் இருக்க வேண்டிய கூட்டங்களைச் சர்க்கரைப்பாகு ஊட்டி முன்கூட்டியே எழுப்பி வேலைக்கு அனுப்புகிறார்கள். பெட்டிக்கு 200 டாலர் அளவில் வாடகை. தேனால் கிடைக்கும் வருமானத்தைவிட இந்த வாடகையை நம்பித்தான் பெரிய வளர்ப்பாளர்கள் தொழில் நடத்துகிறார்கள். பாதாம் முடிந்ததும் சிலர் ஆப்பிளுக்கு, சிலர் ப்ளூபெரிக்கு, கோடையில் தக்கோட்டாவின் புல்வெளிகளுக்கு என்று சக்கரங்களின்மேல் ஆண்டு கழிகிறது.

தேசமெங்குமுள்ள தேனீக்களை ஒரே பள்ளத்தாக்கில் ஒரே மாதத்தில் கூட்டிச் சேர்த்தால் அவற்றின் நோய்களும் கூடிக் கலந்து ஊர் திரும்பும் என்பதைச் சொல்ல விசேஷ ஞானம் தேவையில்லை. நோய்களில் தலையாயது வர்ரோவா என்ற செந்நிற உண்ணி. அது பிறந்தது நம் பக்கத்தில். ஆசியாவின் அடுக்குத் தேனீயோடு நெடுங்காலம் வாழ்ந்து ஒருவகைச் சமரசத்துக்கு வந்திருந்த அது, அந்தத் தேனீயின் கூட்டில் ஆண்புழு அறைகளில் மட்டும் பெருகும். வேலைக்காரப் புழுவின்மேல் ஏறினால் தேனீக்கள் கண்டுபிடித்து அப்புறப்படுத்திவிடும். அதிகத் தேன் வேண்டும் என்ற ஆசையில் மனிதன் ஐரோப்பியத் தேனீயை ஆசியாவுக்குக் கொண்டுவந்து இரண்டையும் அடுத்தடுத்து வைத்ததும், இந்தத் தற்காப்பை அறியாத புதிய தேனீயின்மேல் உண்ணி தாவிற்று. அங்கிருந்து ஐரோப்பா, தென் அமெரிக்கா. 1987-ல் அமெரிக்க ஐக்கிய நாடு. அதுவரை தப்பியிருந்த ஆஸ்திரேலியாவின் நியூகாசில் துறைமுகத்தில் 2022-ல். அது உறிஞ்சுவதால் வரும் தீங்கைவிட, சிறகு சூம்பிப் பிறக்கச் செய்யும் வைரஸை அது கூட்டம் கூட்டமாகப் பரப்புவதுதான் பெருந்தீங்கு. உண்ணிக்கு மருந்து போட்டார்கள். மருந்துக்கு அடங்காத உண்ணி பிறந்தது. 2024-25 குளிர்காலத்தில் அமெரிக்காவின் வணிக வளர்ப்பாளர்கள் சராசரியாக 60 சதவீதத்துக்கு மேற்பட்ட கூட்டங்களை இழந்தார்கள். அவற்றை ஆராய்ந்தபோது, உண்ணி பரப்பும் வைரஸ்களும், வழக்கமான மருந்தை எதிர்த்து நிற்கும் உண்ணிகளும் அகப்பட்டன.

இவ்வளவு செத்தும் அந்தத் தேசத்தில் பெட்டிகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு பெரிதாகக் குறைவதில்லை என்பதுதான் விசித்திரம். பிழைத்த கூட்டத்தை இரண்டாகப் பிரித்து, தாயில்லாத பாதிக்குத் தபாலில் ஒரு ராணியை வரவழைத்து வைத்தால் கோடைக்குள் இரண்டு பெட்டி ஆகிவிடும். உலகம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் 1961-க்குப் பிறகு சுமார் அரை நூற்றாண்டில் வளர்ப்புத் தேனீப் பெட்டிகள் ஏறத்தாழ 45 சதவீதம் பெருகியிருக்கின்றன. பூச்சியை நாடும் பயிர்களின் விளைச்சல் அதைவிட வேகமாக, மூன்று மடங்குக்கும் மேல் உயர்ந்துவிட்டது. ஆகவே தேனீ குறைகிறது என்று புலம்புகிறவரிடம் புள்ளிவிவரக்காரர் ஒருவர் வந்து, குறையவில்லையே, கூடித்தானே இருக்கிறது என்று கேட்டால், அவர் சொல்வது பொய்யாகாது. சாவுகளை எழுதாமல் தலைகளை மட்டும் எண்ணி வைக்கிற குடும்பக் கணக்கைப் போன்றது அது. ஆண்டு முடிவில் தலைகள் சரியாகவே இருக்கும்.

விஷத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும். விதையிலேயே ஊட்டிவிட்டால் செடியின் சாற்றிலும் தேனிலும் மகரந்தத்திலும் ஊறி நிற்கும் நியோநிக்கோட்டினாய்டு வகைப் பூச்சிக்கொல்லிகளைப் பற்றி முதலில் கூக்குரலிட்டவர்கள் பிரான்ஸின் சூரியகாந்தி வயல்களுக்குப் பெட்டிகளை ஓட்டிச் சென்றவர்கள். 1999-ல் அங்கே சூரியகாந்திக்கு அவற்றில் ஒன்றின் உபயோகம் நிறுத்தப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2013-ல் பகுதித் தடையும் 2018-ல் திறந்தவெளியில் மூன்று மருந்துகளுக்கு முழுத் தடையும் விதித்தது. இந்த வெற்றியும் பெட்டி வைத்திருந்தவர்களால் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். மண்ணுக்குள் வளைதோண்டித் தனியே வாழ்கிற தேனீயும் அதே விஷத்தைக் குடித்தது. அதற்காக நியாயம் கேட்டு வருவதற்கு யாரும் இருக்கவில்லை.

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்கும் ஓர் அனுபவம் உண்டு. மார்த்தாண்டத்தில் இளைஞர் கிறிஸ்தவ சங்கத்தின் கிராமப் புனருத்தாரண நிலையம் 1920-களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கரின் தலைமையில் கற்றுக்கொடுத்த பல கைத்தொழில்களில் தேனீ வளர்ப்பும் ஒன்று. பொந்திலிருந்து பிடித்த அடுக்குத் தேனீயைப் பெட்டியில் ஏற்றி, அந்தத் தொழிலையே குமரி மாவட்டத்தின் அடையாளங்களில் ஒன்றாக்கிவிட்டார்கள் அந்த வட்டாரத்துக் குடும்பங்கள். தை மாசி மாதங்களில் ரப்பர் தோட்டங்களுக்குப் பெட்டிகளைக் கொண்டுபோவார்கள். அங்கே தேன் கிடைப்பது பூவிலிருந்து என்று வெளியூர்க்காரர் நினைத்துக்கொள்வார். இலையுதிர்ந்து துளிர்க்கும்போது இளந்தளிரின் காம்பில் சுரக்கிற மதுவைத்தான் தேனீ திரட்டுகிறது. தாய்லாந்தில் முதலில் கண்டறியப்பட்ட ஒரு வைரஸ் நோய் 1991-92-ல் தென்னிந்தியாவில் புகுந்து, புழுக்கள் நீர்கோத்த பைகளாகி மடிய, பெட்டிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் காலியாயின. அப்போதுதான் கொஞ்சங்கொஞ்சமாக இத்தாலியத் தேனீ இங்கே பரவியது. ஆனால் அடுக்குத் தேனீ அழிந்துவிடவில்லை. நோய்க்குத் தப்பிய கூட்டங்களிலிருந்து அது மெல்லத் தழைத்தது. காட்டிலும் மரப்பொந்திலும் பாறையிடுக்கிலும் யாருடைய சொத்தாகவும் இல்லாமல் கிடந்த கூட்டங்கள் இருந்தபடியால் பிடித்துவந்து மறுபடி பெட்டியில் ஏற்ற முடிந்தது. வளர்ப்புக்கு மூலதனம் எங்கே இருந்தது என்பது வளர்ப்பு அழிந்தபோதுதான் தெரிந்தது.

பெட்டித் தேனீ எல்லா வேலையும் செய்துவிடும் என்ற எண்ணமும் சரியன்று. கத்தரியிலும் தக்காளியிலும் மகரந்தம் வெளிப்படையாகக் கொட்டிக் கிடப்பதில்லை. மகரந்தப்பையின் நுனியிலுள்ள நுண்ணிய துளை வழியாக மட்டுமே வெளிவரும். பம்பிள்பீயும் சில தனித்தேனீக்களும் கருவண்டும் அந்தப் பையை இறுகக் கட்டிக்கொண்டு, சிறகை அடிக்காமல் சிறகுத்தசைகளை மட்டும் அதிரவைக்கின்றன. அந்த அதிர்வில் துகள் பொலபொலவென்று உதிர்கிறது. காலையில் கத்தரித்தோட்டத்து வரப்பில் சற்று நின்றால், பறக்கும்போது ஒரு சுருதியில் ரீங்கரிக்கிற வண்டு பூவில் அமர்ந்ததும் திடீரென்று உச்சஸ்தாயிக்குப் போவதைக் கேட்கலாம். சங்கீதம் என்று நாம் ரசிப்பது அதன் உழைப்பின் ஓசை. பெட்டித் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. அதனால்தான் ஐரோப்பாவின் கண்ணாடி வீடுகளில் தக்காளி வளர்த்தவர்கள், மின்சார அதிர்வுக் கோலை எடுத்துக்கொண்டு பூங்கொத்து கொத்தாக ஆளை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 1980-களின் பிற்பகுதியில் பம்பிள்பீயை அட்டைப்பெட்டியில் வளர்த்து விற்கும் உபாயம் கண்டுபிடிக்கப்பட்டதும் அந்தக் கூலி மிச்சமாயிற்று.

மிச்சமான கூலிக்கு விலை கொடுத்தவர் யார் என்பதைப் பற்றி ராபின் தார்ப் ஓர் அனுமானம் வைத்திருந்தார். அமெரிக்கப் பம்பிள்பீ இனம் ஒன்றை ஐரோப்பியத் தொழிற்கூடங்களுக்கு அனுப்பி வளர்த்து 1990-களின் தொடக்கத்தில் திரும்பத் தருவித்தபோது, கூடவே ஒரு நுண்ணுயிர் நோய் வந்து, கண்ணாடி வீட்டிலிருந்து தப்பிய தேனீக்கள் வழியாகக் காட்டுத் தேனீக்களைத் தொற்றியிருக்கலாம் என்பது அவர் கருத்து. அது ஐயத்துக்கிடமின்றி நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் ஃபிராங்க்ளின் தேனீயோடு அதன் நெருங்கிய உறவினங்கள் சிலவும் அதே காலத்தில் சரிந்தன என்பது சந்தேகத்தை வளர்க்கிறது. சிலி நாட்டில் நடந்தது இதைவிடத் தெளிவானது. 1990-களின் பிற்பகுதியில் அங்கே ஐரோப்பியப் பம்பிள்பீயை மகரந்த வேலைக்கென்று இறக்கினார்கள். அது ஆண்டீஸ் மலையைத் தாண்டி அர்ஜென்டினாவின் பத்தகோனியாவரை பரவிற்று. அது போன இடமெல்லாம், உலகின் மிகப் பெரிய பம்பிள்பீ என்று சொல்லப்படுகிற, நெருப்பு நிறமான அந்த மண்ணின் தேனீ அரிதாகிக்கொண்டே வருகிறது. பயிருக்குச் சேவகம் செய்யத் தேனீயைக் கொண்டுவருவதும் தேனீ அழிவதற்கு ஒரு காரணம் என்பதை, தேனீயைக் காப்போம் என்று கோஷமிட்டு மொட்டைமாடியில் பெட்டி வைக்கிற நகரத்து அன்பர்கள் சற்று யோசிக்கலாம்.

இதில் உணவுக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவருக்கும் பதில் உண்டு. உலகெங்குமுள்ள 41 பயிர் அமைப்புகளில் சுமார் 600 வயல்களைப் பார்த்து 2013-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், காட்டுப் பூச்சிகள் அதிகம் வந்த இடங்களிலெல்லாம் காய்ப்பு உயர்ந்தது; பெட்டித் தேனீ அதிகம் வந்ததால் காய்ப்பு உயர்ந்தது 14 சதவீத அமைப்புகளில்தான். பெட்டியைக் கூட்டிக் காட்டைக் குறைத்தால் கணக்கு நேராகாது என்பது இதன் தாத்பரியம். அந்தக் காட்டுப் பூச்சிகளின் நிலையை நாம் அறிந்துகொள்வதோ பெரும்பாலும் யாரோ சிலரின் பைத்தியக்கார விடாமுயற்சியால். ஜெர்மனியின் க்ரேஃபெல்ட் நகரத்தில் பூச்சி ஆர்வலர்கள் சிலர் 1989 முதல் பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகளில் ஒரே மாதிரியான கூடாரப்பொறிகளை வைத்து, விழுந்த பூச்சிகளை எடைபோட்டு எழுதிவந்தார்கள். 2017-ல் அந்த ஏடுகளைப் புரட்டிக் கணக்கிட்டபோது, 27 ஆண்டுகளில் பறக்கும் பூச்சிகளின் எடை 75 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தது. சொத்தல்லாத ஒன்றை எடைபோட வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிராவிட்டால் அந்த நஷ்டம் நிகழ்ந்தது என்பதற்கே சாட்சியில்லை.

தேனீ போன இடத்தில் மனிதக் கை வந்து உட்காரும் என்பதற்கு வனில்லா பழைய உதாரணம். மெக்ஸிகோ நாட்டுக் கொடியான அதை இந்து மகா சமுத்திரத்தின் ரெயூனியன் தீவுக்குக் கொண்டுவந்த பிரெஞ்சுக்காரர்கள், அதைக் கருத்தரிக்கச் செய்யும் பூச்சியைக் கொண்டுவரவில்லை. கொடி பூத்தது, காய்க்கவில்லை. 1841-ல் எட்மண்ட் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன், பூவின் ஆண் உறுப்புக்கும் பெண் உறுப்புக்கும் நடுவே தடுப்பாக நிற்கிற மெல்லிய திரையை ஒரு சிம்பால் தூக்கிப் பெருவிரலால் அழுத்திவிடும் எளிய உபாயத்தைக் கண்டுபிடித்தான். ஒரு நாளே மலர்ந்திருக்கும் ஒவ்வொரு பூவையும் இன்றைக்கும் அப்படித்தான் தொட்டுத் தொட்டு வனில்லா விளைவிக்கிறார்கள். 1848-ல் அடிமைமுறை ஒழிந்தபோது அவனுக்கு அல்பியஸ் என்று குலப்பெயர் கொடுத்தார்கள். அந்த விரல் அசைவின்மேல் எழுந்த செல்வத்தில் அவனுக்குப் பங்கு கொடுக்கவில்லை. 1880-ல் வறுமையில் இறந்தான். குங்குமப்பூவுக்கு அடுத்தபடி விலையுயர்ந்த வாசனைப்பொருள் வனில்லா என்கிறார்கள். தேனீ சம்பளமில்லாமல் செய்வதை ஆளை வைத்துச் செய்தால் என்ன விலையாகும் என்பதற்கு அதைவிட நல்ல விலைப்பட்டியல் வேண்டியதில்லை.

வனில்லாவாவது ஐஸ்கிரீமுக்கு வாசனை. சீனத்தின் சிச்சுவான் மாகாணத்தில் அன்றாடப் பழத்துக்கே அந்த நிலை வந்தது. அங்கே ஹான்யுவான் மாவட்டத்தில் பேரி மரங்கள் பூக்கும் வசந்தகாலத்தில், ஆணும் பெண்ணும் மூங்கில் குச்சியின் நுனியில் கோழி இறகைக் கட்டிக்கொண்டு, உலர்த்திய மகரந்தப் பொடி அடைத்த சிறு குப்பியோடு மரமேறி, ஒவ்வொரு பூவாகத் தடவிக்கொண்டு போகிறார்கள். 1980-களிலிருந்து நடக்கிற காரியம் இது. இந்தப் படத்தைக் காட்டி, தேனீ செத்துப்போன உலகத்தின் முன்னோட்டம் என்று எழுதுகிறவர்கள் உண்மையில் பாதியைத்தான் சொல்கிறார்கள். நல்ல விலைபோகும் ஒரே ரகத்தை மாவட்டமெங்கும் நட்டு, அதற்குத் துகள் கொடுக்க வேண்டிய வேறு ரகங்களை வெட்டி எறிந்தார்கள். மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்ததில் காட்டுப் பூச்சி ஒழிந்தது. பெட்டி வைத்திருப்பவர்கள் அங்கே வந்தால் தேனீ பிழைக்காது என்று வாடகைக்கும் வர மறுத்தார்கள். ஆள் கூலி மலிவாயிருந்த வரையில் அது கட்டுப்படியாயிற்று; கைப்பட்ட பூ தவறாமல் காய்க்கும் என்பதால் சிலர் அதையே விரும்பினார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அதே மாகாணத்து மலைநாடான மாவோ சியானில் ஆப்பிளுக்கும் இப்படியே செய்துவந்தார்கள். நல்ல ஆள் ஒருவர் நாள் முழுவதும் பாடுபட்டால் ஐந்து முதல் பத்து மரம் முடியும். பிறகு இளைஞர்கள் நகரங்களுக்குப் போகத் தொடங்க, கூலி ஏறியது. ஆப்பிளின் விலை அதற்கு ஈடாக ஏறவில்லை. அந்த ஊர் விவசாயிகள் கூடிப் பேசித் தேனீயைத் திரும்ப அழைக்கவில்லை, அழைத்திருந்தாலும் அது எங்கிருந்து வந்திருக்கும் என்பது வேறு விஷயம். ஆப்பிள் மரங்களை அகற்றிவிட்டு, பிளம்ஸும் லொக்காட்டும் அக்ரூட்டும் நட்டார்கள். அக்ரூட் காற்றினாலேயே காய்க்கும் மரம். அதற்குத் தேனீயும் வேண்டாம், கோழி இறகைக் கட்டிக்கொண்டு மரமேற ஆளும் வேண்டாம்.